வாசகர் கேள்வி – பதில்: தெருவுக்கு ஒரு பொழுது

சென்னையின் கடைத்தெருக்களைக் காலால் நடந்தே அறிய வேண்டும் என்று சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே பொருளில் அமைந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே விடையளித்திருக்கிறேன்.

கேள்வி: தை மாதம் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, மேற்கு மாம்பலத்தில் தங்கை வீட்டில் மூன்று நாள் தங்கப் போகிறோம். இதற்கு முன் வந்தபோதெல்லாம் மெரினா, வண்டலூர், ஏதாவது ஒரு மால் என்று முடிந்துபோனது. இந்த முறை தெருக்களைப் பார்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகர், நாமக்கல்

பதில்: தங்கை வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு சாலை இருக்கிறது. அதில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மாம்பலம் பகுதியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். ஏரி போய்விட்டது, அதைப் பார்த்திருந்த சாலையின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயரை நகருக்கும், அக்காலத்தில் சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரை நடுவிலுள்ள பூங்காவுக்கும், அதே கட்சியைச் சேர்ந்த டாக்டர் நடேசனின் பெயரை இன்னொரு பூங்காவுக்கும் வைத்தார்கள். ஆக, அது பூங்காக்களைச் சுற்றி வீடுகள் அமையத் திட்டமிடப்பட்ட குடியிருப்பு. இன்று அங்கே நகைக்கடையும் ஜவுளிக்கடையும் அடைத்துக்கொண்டிருப்பதற்கு மாம்பலம் ரயில் நிலையம் ஒரு முக்கியக் காரணம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தெற்கேயிருந்து வருபவர்கள் மாம்பலத்தில் இறங்கி உஸ்மான் சாலைக்குப் போகும் வழியாக ரங்கநாதன் தெரு அமைந்தது. கால்கள் போகும் வழியில்தானே கடை வரும்!

எனவே உங்கள் முதல் நாள் நடை மேற்கு மாம்பலத்தின் ஆரிய கௌடா சாலையில் காய்கறி வாங்குவோரின் கூட்டத்தோடு காலையில் தொடங்கி, அயோத்தியா மண்டபத்தைத் தாண்டி, தண்டவாளத்தைக் கடந்து ரங்கநாதன் தெருவுக்குள் நுழையட்டும். கடைக்காரர்கள் கதவைத் தூக்கித் துணி பொம்மைகளுக்குச் சேலை கட்டிக்கொண்டிருக்கும் காலை 10 மணிக்குப் போனால்தான் அந்தத் தெரு எவ்வளவு குறுகியது, எவ்வளவு சின்னது என்பதே தெரியும்; மாலையில் போனால் முன்னால் நடப்பவரின் முதுகு மட்டும் தெரியும். குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த நெரிசலில் போக அஞ்சினால், மாம்பலம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையில் ஏறிக்கொள்ளலாம். பொங்கலுக்கு முந்தைய வாரம் மட்டும் வேண்டாம். பண்டிகை முடிந்த பிறகு வாருங்கள்.

மாலையில் பாண்டி பஜார். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதுதான் சுருங்கிப் பாண்டி பஜார் ஆயிற்று என்பார்கள். 2019-இல் அதன் நடைபாதைகளை அகலப்படுத்தி, இருக்கைகள் போட்டு, வண்டிகளுக்கான இடத்தைக் குறைத்தார்கள். எதுவும் வாங்காமல் ஒரு குடும்பம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கக்கூடிய கடைத்தெரு சென்னையில் இதைப் போல வேறில்லை. இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் கீழேயுள்ள பதில்களில் வழி இருக்கிறது.

கேள்வி: மயிலாப்பூர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கோயிலும் குளமும் நான்கு மாட வீதியும் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. கும்பகோணத்துக்காரி மயிலாப்பூரில் புதிதாக என்ன பார்த்துவிட முடியும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நியாயமான கேள்வி. கோயிலையும் குளத்தையும் மட்டும் பார்ப்பதானால் உங்கள் ஊரே பெரிது. ரயில் கட்டணத்தை மிச்சப்படுத்திவிடலாம். மயிலாப்பூரின் தனித்தன்மை, ஒரு பழைய கோயிலூரைச் சுற்றி ஒரு துறைமுகப் பெருநகரம் வளர்ந்து, அதைத் தன்னுள் எடுத்துக்கொண்ட பிறகும் கோயிலூர் தன் பழக்கத்தைக் கைவிடாமல் இருப்பதில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் இவ்வூரை ‘மலிவிழா வீதி’ உடையது என்று பாடினார். அந்த அடைமொழி இன்றும் பொருந்துகிறது: நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியின் ஓரமெல்லாம் கொலு பொம்மை, பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் அறுபத்துமூவர் உலா, மார்கழி விடியலில் பஜனை கோஷ்டி.

ஆனால் மாட வீதியோடு நின்றுவிடாதீர்கள். அங்கிருந்து கச்சேரி சாலைக்கு வந்தால் டப்பா செட்டி கடை இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கான மருந்தும் தீபாவளி லேகியத்துக்கான சரக்கும் அங்கே எடை போட்டுத் தருகிறார்கள். தகர டப்பாக்கள் அடுக்கியிருந்ததால் வந்த பெயர். கோயிலிலிருந்து சற்று மேற்கே நடந்தால் 1516 என்று ஆண்டு பொறித்த லஸ் தேவாலயம். போர்த்துக்கீசியர் கட்டிய அந்தத் தேவாலயத்தைப் பழைய சென்னைவாசிகள் காட்டுக்கோயில் என்றே அழைத்தார்கள் என்பதிலிருந்து, லஸ் அக்காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கிழக்கே கச்சேரி சாலை போய் முட்டும் இடத்தில் சாந்தோம். இன்றுள்ள பேராலயத்தைக் கட்டி முடித்தது 1896-இல். ஒரே நடையில், காலை உணவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையே, இத்தனையும் அடங்கும்.

உணவைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டின் சன்னல் வழியே காலையில் பொங்கலும் வடையும் நீட்டப்படும். அதற்கு ஜன்னல் கடை என்றே பெயர். வாங்கியதைத் தெருவில் நின்றுதான் சாப்பிட வேண்டும். மேசை கேட்பவர்களுக்குக் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது. நடந்த களைப்புக்குக் காளத்தி கடையின் ரோஸ் மில்க். அது பத்திரிகை விற்கும் கடை என்பதும், ரோஸ் மில்க் அதற்குப் பக்கவாத்தியமாக வந்து பின்னர் முதன்மைக் கச்சேரியாகிவிட்டது என்பதும் பத்திரிகைக்காரனான எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

கேள்வி: சென்னையில் சிறந்த காபி எங்கே கிடைக்கும்? ஒரே ஒரு பெயர் சொல்லவும்.
– வாசகர், சேலம்

பதில்: ஒரு பெயரைச் சொன்னால் மற்றப் பேட்டைக்காரர்கள் அடுத்த இதழ் முழுவதையும் தங்கள் கடிதங்களாலேயே நிரப்பிவிடுவார்கள். காபிக்கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் கடை எந்தத் தெருவில் இருக்கிறதோ, அந்தத் தெருச் சிற்றுண்டிக் கடைக்குக் காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். முதல் டிகாஷன் உங்களுக்குக் கிடைக்கும்.

கேள்வி: என் தாத்தா ரங்கூனில் பெட்டியடியில் கணக்கெழுதியவர். அவர் சொல்லக் கேட்ட பர்மா உணவு சென்னையில் கிடைக்கிறதாமே? பாரிமுனைப் பக்கம் போனதே இல்லை. பெண்கள் தனியாகப் போகக்கூடிய இடமா? என்ன பார்க்கலாம், எப்போது போகலாம் என்று விரிவாக எழுதுங்கள்.
– வாசகி, காரைக்குடி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பாரிமுனையும் அதற்குப் பின்னாலுள்ள ஜார்ஜ் டவுனும், சென்னையில் நான் பலமுறை நடந்தும் முழுதாகப் பார்த்துவிட்டதாக நினைக்காத ஒரே பகுதி. கோட்டை கட்டப்பட்ட பிறகு அதற்கு வடக்கே நெசவாளரும் வணிகரும் குடியேறிய இடம். வெள்ளையர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஜார்ஜ் மன்னரின் பெயரைப் பெற்றது. துறைமுகத்துக்கு அருகில் இருந்ததால் உலகத்தின் பல மூலையிலிருந்தும் வந்தவர்கள் அங்கே ஒரு தெருவையாவது தங்கள் பெயரில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். அரண்மனைக்காரத் தெரு என்று தமிழில் மருவிப்போன ஆர்மேனியன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மேனியத் தேவாலயம் இன்றும் இருக்கிறது; வழிபட ஆர்மேனியர்தாம் இல்லை. பவளக்காரத் தெருவில் பவளமும் இல்லை, அதை விற்ற யூத வணிகரும் இல்லை.

உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் மேற்கு நோக்கி நடக்கையில் வலப்பக்கம் பிரியும் ஒவ்வொரு தெருவும் ஒரு சரக்குக்கு உரியது. ஆண்டர்சன் தெருவில் திருமண அழைப்பிதழும் காகிதமும். கோடவுன் தெருவில் பீஸ் பீஸாகத் துணி. தள்ளுவண்டியும் தலைச்சுமையும் ஒருவரையொருவர் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போகும் அந்தத் தெருக்களில், வேடிக்கை பார்க்க நடுவில் நின்றால் திட்டு விழும். ஓரமாக நின்றால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். நடுவே ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம் இருக்கிறது. வள்ளலார் இளமையில் பாடிய தெய்வமணிமாலை இந்த முருகன்மேல்தான். இத்தனை இரைச்சலுக்கு நடுவே அப்படியொரு அமைதியான குளத்தைப் பார்த்தால், கடைக்காரர்கள் கல்லாவைத் திறக்குமுன் ஏன் அங்கே போய்வருகிறார்கள் என்பது விளங்கும்.

இன்னும் மேற்கே போனால் தங்கசாலை. கிழக்கிந்தியக் கம்பெனியின் நாணயச்சாலை இருந்ததால் வந்த பெயர். அதைச் சுற்றியது சௌகார்பேட்டை. ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த வட்டிக்கடைக்காரரும் துணி வணிகரும் தலைமுறைகளாக வாழும் இடம். மாலை நேரத்தில் காகடா ராம்பிரசாத் கடையில் பெரிய வாணலியில் சுண்டும் பாதாம் பாலும், நெய்யில் பொரியும் ஜிலேபியும் கிடைக்கும். அதே பேட்டையில் நம் தட்டையை எடுத்து, நடுவே தக்காளியும் வெள்ளரியும் சட்டினியும் வைத்து, வடநாட்டுச் சாட்டைப் போல விற்கிறார்கள். தட்டை நம்முடையது, அடுக்கியது அவர்கள்; வேறெந்த ஊரிலும் இது தோன்றியிருக்க முடியாது.

இனி உங்கள் தாத்தாவின் கதைக்கு வருகிறேன். பர்மாவில் 1962-இல் இராணுவ ஆட்சி வந்து, 1964-இல் கடைகள் நாட்டுடைமையானதும், பல தலைமுறையாக அங்கிருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களில் பலர் வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளில் குடியமர்த்தப்பட்டார்கள். பிழைப்புக்கு வழியாகக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி ராஜாஜி சாலையோரத்தில் அவர்கள் போட்ட கடைகள்தாம் பர்மா பஜார். (இங்கே வேர்பிடிக்காமல் தரைவழியாகத் திரும்பிப் போக முயன்றவர்களில் சிலர் எல்லையைத் தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள், அங்கே இன்றும் தமிழர் கோயில் உண்டு.) வெளிநாட்டுச் சாமான் எங்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகு பஜாரின் பழைய மவுசு குறைந்துவிட்டது. ஆனால் அவர்கள் கூடவே கொண்டுவந்த உணவு நிலைத்துவிட்டது.

பழந்தமிழ் நூல்கள் பகலில் கூடும் சந்தையை நாளங்காடி என்றும் இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்லும். மொத்த வணிகத் தெருக்கள் நாளங்காடி. அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகள் அல்லங்காடி. மாலை 5 மணிக்கு மேல் இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம் தள்ளுவண்டிகள் வரிசைகட்டும். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் தடித்த நூடுல்ஸை எடுத்து, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்து, பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரித்த வில்லையை நொறுக்கிப்போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார். பர்மிய மொழியில் ‘அத்தோ’ என்றால் பிசைந்தது என்றே பொருள். உடன் வரும் வாழைத்தண்டு சூப்பைக் கவனித்துக் குடியுங்கள். பர்மாவில் மீன் சாற்றில் வாழைத்தண்டு போட்டு அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றும் மொய்ங்காவின் உறவு அது. கடல் கடந்தபோது சில வண்டிகளில் மீன் கழன்றுகொண்டது. அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயத்தை அடைத்துத் தருவதும் உண்டு. உங்கள் தாத்தா சொன்ன சுவை இதுவேதானா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்றால், பகலிலும் மாலை 8 மணி வரையிலும் தயங்காமல் போகலாம். குடும்பப் பெண்களும் கல்லூரி மாணவிகளும் வண்டியைச் சுற்றி நின்று சாப்பிடுவதை நானே பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். மொத்த வணிகக் கடைகள் அன்று அடைத்திருக்கும். பார்க்க வந்த தெரு உறங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: நீங்கள் நடக்கச் சொல்கிறீர்கள், நடக்க நடைபாதை எங்கே? எல்லா இடத்தையும் கடைக்காரர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அகற்றாமல் தெருவை ரசிக்கச் சொல்வது என்ன நியாயம்?
– வாசகர், ஆதம்பாக்கம், சென்னை

பதில்: உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு; சென்ற மாதம் ஒரு கடையின் வாளி தடுக்கி விழப் பார்த்தேன். இருந்தாலும் மயிலாப்பூர்த் தென் மாட வீதியில் தரையில் துணி விரித்துக் கீரையும் வாழைப்பூவும் விற்கும் அம்மாக்களை அகற்றிவிட்டால் அங்கே நடைபாதை மிஞ்சாது. இரண்டு சக்கர வண்டிகளின் நிறுத்தம் மிஞ்சும். வழியை மறிப்பவற்றை ஒருநாள் எண்ணிப் பாருங்கள். வண்டிகள், கடைகளின் முன்படி, விளம்பரப் பலகை, மின்பெட்டி எல்லாவற்றையும் எண்ணிய பிறகு கூடைக்காரியின் பங்கு எவ்வளவு என்று பார்க்கலாம்.

2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களை விரட்டச் சொல்லவில்லை. கணக்கெடுத்து, அடையாளச் சான்று கொடுத்து, விற்கும் இடங்களை வரையறுக்கச் சொல்கிறது. அதை முடிவுசெய்யும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. அதன்படி இடம் வரையறுத்துவிட்டால் உங்களுக்கு நடக்க வழியும் அவர்களுக்குப் பிழைக்க வழியும் கிடைக்கும். அதைச் செய்யாமல் அவ்வப்போது லாரியில் வந்து தராசைத் தூக்கிச் செல்வதால், மறுநாள் அதே இடத்தில் அதே கடை புதிய தராசோடு முளைக்கிறது.

கேள்வி: வேலை தேடிச் சென்னை வரப்போகிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கினால் செலவு குறையும் என்கிறார்கள். மாலையில் காசில்லாமல் பொழுதுபோக்க வழி உண்டா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: செலவு குறையும் என்று சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருந்ததால் தனியாட்கள் அங்கே குவிந்தார்கள். அவர்களுக்காக மேன்ஷன்களும், மேன்ஷன்களுக்காக மெஸ்களும் வந்தன. சம்பளம் வந்த நாளில் ரத்னா கபேயில் இட்லி மூழ்கச் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுவது அங்கே வழிவழியாக வரும் சடங்கு. சம்பளம் வரும்வரை அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள்.

பொழுதுக்குப் பஞ்சமில்லை. பைகிராப்ட்ஸ் சாலை என்று பழைய ஆட்களும் பாரதி சாலை என்று பெயர்ப்பலகையும் சொல்லும் வீதியின் பழைய புத்தகக் கடைகளில், வாங்காமல் புரட்டுபவரை உடனே விரட்டமாட்டார்கள். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ரம்ஜான் மாதத்தில் 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசலுக்குப் போய்ப் பாருங்கள். சிந்தி இந்துக்கள் நடத்தும் சூஃபிதார் அறக்கட்டளையினர், பல பத்தாண்டுகளாக அங்கே நோன்பு திறப்பவர்களுக்குத் தங்கள் கையால் உணவு பரிமாறுகிறார்கள். தேர்வுக்குப் படிக்க இடம் வேண்டுமானால் கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் உள்ளன. இரண்டாவதில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிக்கூடம் உண்டு. வேலை கிடைக்க வாழ்த்துகள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி, நூறடிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். நீங்கள் சொல்லும் நடையெல்லாம் அவருக்கு ஆகுமா? அவருக்குக் கடலை அருகில் போய்ப் பார்க்க ஆசை.
– வாசகி, தூத்துக்குடி

பதில்: ஜார்ஜ் டவுன் ஆகாது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அங்கே உட்காரக் கடைப்படிதான் உண்டு. பாண்டி பஜாரில் இருக்கைகள் இருக்கின்றன. லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா அவருக்கு மிகவும் பிடிக்கும்; நிழலும், நிறைய இருக்கைகளும், பக்கத்து இருக்கையில் பேச்சுக்கு ஏங்கும் அவர் வயதுக்காரர்களும் கிடைப்பார்கள். அங்கிருந்து மாட வீதிக்கு ஆட்டோவில் போய், கீரைக்காரர்கள் கடை விரித்திருக்கும் பக்கமாக இறங்கிக்கொள்ளலாம். கழிப்பறைதான் இந்த ஊரின் பெரிய குறை. பூங்காவிலும் மெட்ரோ நிலையத்திலும் ஏறக்குறைய நம்பலாம். கடைத்தெருவில் நம்ப வேண்டாம். அவர் சாப்பிட விரும்பாவிட்டாலும் உட்கார இடமுள்ள ஓட்டலாகத் தேர்ந்தெடுப்பது இதற்காகவும்தான்.

கடலைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலி மணலில் புதையாமல் அலைக்கு அருகே போவதற்காக ஒரு மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சீர்செய்தார்கள். வார நாளில், வெயில் தாழ்ந்து கூட்டம் சேர்வதற்கு முன், 4 மணியளவில் போங்கள். விடுமுறை நாளில் அந்தப் பாதையில் நடக்க முடிந்தவர்களே நிறைந்து நிற்பார்கள். அம்மாவுக்காக நீங்கள் கொஞ்சம் குரலை உயர்த்தி வழி கேட்க வேண்டியிருக்கும். பாதையின் முனையில் நாற்காலியை நிறுத்திவிட்டு, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்கும் பையனைக் கைதட்டிக் கூப்பிட்டால் அவனே மணலில் ஓடி வந்து கொடுப்பான்.